மூன்று முறை பூட்டிய தெர்மோஸ்டாட்

எஞ்சினுக்கு அடியில் இரவு முழுவதும் விரித்து வைத்திருந்த அட்டையை நேற்றுக் காலை இழுத்துப் பார்த்தபோது அதில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று எண்ணித் தொடங்கிய வேலை மூன்று வார இறுதிகளைத் தின்ற பிறகுதான் இந்தக் காய்ந்த அட்டையைக் காண முடிந்தது. எஞ்சின் சூடேறும்வரை கூலன்ட்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை) ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடி நிற்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அதை மாற்றுவது, எழுதிக் காட்டினால், ஒரு ஹோஸையும் இரண்டு போல்ட்டுகளையும் கழற்றிப் பூட்டும் வேலைதான். என் நேரம் போனதெல்லாம் அதன் மேல் மூடியாக அமரும் அலுமினிய ஹவுசிங்கிலும், அந்த ஹவுசிங் பொருந்தும் முகத்திலும், அதைப் பிடித்திருந்த போல்ட்டுகளிலும்தான். எங்கெங்கே தவறினேன் என்பது மறப்பதற்குள் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

வண்டியில் இருப்பது நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். தெர்மோஸ்டாட் சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில், ரேடியேட்டரின் மேல் ஹோஸ் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. வேறு சில எஞ்சின்களில் அது கீழ் ஹோஸின் பக்கம், தண்ணீர் பம்பை ஒட்டி இருக்கும். அவற்றுக்கு நான் சொல்லப்போகும் ஹோஸ் சோதனை இதே வடிவில் பொருந்தாது. நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது வெப்பமானியின் முள் நடுக்கோட்டுக்கு அருகே வந்து நிற்பதும், திறந்த சாலையில் வேகம் எடுத்ததும் மெல்ல இறங்குவதும் சில வாரங்களாகவே நடந்துகொண்டிருந்தன. ஹீட்டரிலிருந்து வெதுவெதுப்பான காற்றுதான் வந்தது. ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்ததில், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கூலன்ட்டின் வெப்பம் 64 முதல் 68 டிகிரி செல்சியஸுக்குள் நின்றது. கூடவே பி0128 என்ற பிழைக்குறியும் பதிவாகியிருந்தது. கூலன்ட் எட்ட வேண்டிய வெப்பத்தை எட்டவில்லை என்பதே அந்தக் குறியின் பொருள்.

இந்த இடத்தில்தான் முதல் தவறு. குறியைப் பார்த்த பிறகும் வெப்ப உணரியைத்தான் சந்தேகித்தேன். காரணம், அது கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது, தெர்மோஸ்டாட் இல்லை. புது உணரியை மாட்டிவிட்டு ஓட்டிப் பார்த்தபோது ஸ்கேனர் அதே 67 டிகிரியைக் காட்டியது. செய்தி கொண்டுவந்தவனைத் தண்டித்த கதை. செலவே இல்லாத சோதனை ஒன்றை அதற்கு முன்பே செய்திருக்கலாம். இரவு முழுவதும் நின்ற வண்டியைக் கிளப்பி, மேல் ஹோஸின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் சரியாக மூடியிருந்தால், எஞ்சின் சூடேறிக்கொண்டிருக்கும் அத்தனை நிமிடங்களும் ஹோஸ் ஏறக்குறையக் குளிர்ந்தே இருந்து, வால்வு திறக்கும்போது சட்டென்று சூடாகும். என் வண்டியில் இரண்டாவது நிமிடத்திலேயே ஹோஸ் சிறுகச் சிறுகச் சூடேறத் தொடங்கியது. வால்வு திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

கூலன்ட்டை வடிக்கும் வேலை எளிது. எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு மட்டுமே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஹவுசிங்கின் மட்டத்துக்குக் கீழே இறங்க 2 லிட்டரை வடித்தால் போதும் என்று கணக்கிட்டேன். பாத்திரத்தில் விழுந்த முதல் அரை லிட்டரே பழுப்பாக இருந்ததால் முழுவதையும் வடித்துவிட்டேன். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நாக்குக்கு இனிப்பானது, விலங்குகளுக்கும் குழந்தைகளுக்கும் நஞ்சு. ஆகையால் வடித்த பாத்திரத்தை அப்போதே மூடி வைத்தேன்.

மேல் ஹோஸின் ஸ்பிரிங் கிளாம்ப் பிளையரால் அழுத்தியதும் நகர்ந்துவிட்டது, ஹோஸ் நகரவில்லை. பல ஆண்டுகளாக ஒரே இடத்தில் இருந்த ரப்பர் அலுமினியக் கழுத்தோடு ஒட்டிப்போயிருந்தது. பொறுமை இழந்து திருப்புளியை நடுவே செருகி நெம்பினேன். ஹோஸ் வந்தது, கழுத்தின் மேல் 20 மி.மீ. நீளத்துக்கு ஒரு கீறலும் வந்தது. நீளவாக்கில் விழும் கீறல் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுப்பதற்குச் சமம். ஹோஸைக் கையால் இறுகப் பற்றி இடமும் வலமுமாகத் திருகி ஒட்டலை உடைப்பதுதான் சரியான முறை. அதற்கும் அசையாவிட்டால் ஹோஸைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்துவிட்டுப் புதியதை மாட்டிக்கொள்ளலாம். ஹவுசிங்கைப் புண்ணாக்குவதைவிட அது மலிவு.

ஹவுசிங்கைப் பிடித்திருந்தவை இரண்டு எம்6 (6 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டுகள். தலைக்கு 10ஆம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனர். மேல் போல்ட் முனகிக்கொண்டே கழன்றது. கீழ் போல்ட் கால் சுற்று வந்ததும் ரப்பரைப் போல மெத்தென்று திரும்பியது. அந்த மெத்தென்ற உணர்வு வந்தவுடன் கையை எடுத்திருக்க வேண்டும்; போல்ட் சுழலவில்லை, முறுக்கிக்கொண்டிருக்கிறது என்பதன் அறிகுறி அது. நான் எடுக்கவில்லை, தலை தனியாகக் கையோடு வந்துவிட்டது. எஃகு போல்ட்டுக்கும் அலுமினியத் துளைக்கும் நடுவே வெண்பொடியாக அரிமானம் அடைந்து இரண்டையும் ஒன்றாக்கியிருந்தது. ஹவுசிங்கை மேலும் கீழுமாக ஆட்டி எடுத்தபின், ஹெட்டிலிருந்து 20 மி.மீ. அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்த மிச்சத்தைக் கவ்விப் பிடிக்கும் பிளையரால் திருகியதில் அதுவும் முகத்தோடு மட்டமாக முறிந்தது. இரண்டு முறிவுக்கும் அவசரம் ஒன்றே காரணம். துருநீக்கி எண்ணெயை முதல் நாளே விட்டு ஊறவைத்து, ஹீட் கன்னால் ஹவுசிங்கைச் சுற்றிச் சூடேற்றியிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால் பிடி தளரும்.

மட்டமாக முறிந்த போல்ட்டைத் துளையிட்டு எடுப்பதற்குள் அந்தச் சனிக்கிழமை முடிந்தது. தண்ணீர் வழியைத் துணியால் அடைத்தேன். முறிந்த முகத்தைச் சிற்றரத்தால் சமப்படுத்தி, நடுவில் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனை உளியால் குறி அடித்து, முதலில் 3 மி.மீ. டிரில்லைச் செலுத்தினேன். அது மையத்திலிருந்து சுமார் அரை மி.மீ. விலகியது. முறிந்த போல்ட்டைத் திருகி எடுக்கும் ஈஸி அவுட் கையில் இருந்தும் அதைப் பயன்படுத்தவில்லை. அந்தக் கடின எஃகு உள்ளே முறிந்தால் பிறகு எந்த டிரில்லும் அதில் இறங்காது. 5 மி.மீ. வரை துளையை அகலப்படுத்தி, மறை (போல்ட் திருகும் புரி) வெட்டும் எம்6 டேப்பை ஓட்டினேன். துளை விலகியிருந்ததால் ஒரு பக்கம் பழைய எஃகு ஒட்டிக்கொண்டிருக்க, மறுபக்கம் அலுமினிய மறை சிதைந்தது. இறுதியில் 6.3 மி.மீ. டிரில்லால் துளைத்து, கம்பிச்சுருள் மறை செட்டில் வரும் தனி டேப்பை ஓட்டி, சுருளைப் பதித்தேன். டிரில்லில் 14 மி.மீ. உயரத்தில் நாடா சுற்றிக்கொண்டது ஆழம் தவறாமல் காத்தது. டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் பூசியதால் துகள்கள் உள்ளே விழாமல் அதிலேயே ஒட்டிக்கொண்டன. பார்ப்பதற்கு அழகில்லாவிட்டாலும், பதித்த சுருள் மறை அலுமினியத்தின் மூல மறையைவிட உறுதியாக இருக்கிறது.

பழைய தெர்மோஸ்டாட்டைக் கையில் எடுத்தபோது அதன் வால்வு அறை வெப்பத்திலேயே 2.5 மி.மீ. திறந்திருந்தது, ஓரத்தில் உப்புப் படிவம் ஆப்பு வைத்ததுபோல் சிக்கியிருந்தது. சுரண்டி எடுத்ததும் வால்வு மூடிக்கொண்டது, ஆனாலும் அதை மறுபடி மாட்டும் துணிவு வரவில்லை. புதியதன் மேல் 82 என்று பொறித்திருந்தது. எந்தத் தெர்மோஸ்டாட்டையும் சோதிக்காமல் பூட்டக்கூடாது என்பது என் கட்சி. ஒரு பாத்திரம், ஒரு வெப்பமானி, ஒரு நூல் இவை போதும். வால்வின் இடுக்கில் நூலை மாட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும்; வால்வு திறந்த கணத்தில் தெர்மோஸ்டாட் நூலிலிருந்து நழுவிக் கீழே விழும், அப்போதைய வெப்பத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான் முதல் தடவை நூல் இல்லாமல் பாத்திரத்தின் அடியிலேயே அதை உட்கார வைத்தேன். வெப்பமானி 74 டிகிரி காட்டும்போதே வால்வு திறந்துவிட்டது. பழுதான பொருள் என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பும் நேரத்தில்தான், அடுப்பின் சூடு அடித்தட்டு வழியாக, வால்வைத் திறக்கும் மெழுகுக் குப்பியை நேரே சுடுகிறது என்று உறைத்தது. இரண்டாம் தடவை நூலில் தொங்கவிட்டுப் பெரிய தீயில் சூடேற்றினேன், 87இல்தான் விழுந்தது. மெழுகு உருகி விரிய நேரம் எடுக்கும், தண்ணீரோ அதற்குள் முன்னால் ஓடிவிடுகிறது. மூன்றாம் தடவை, 75 டிகிரிக்கு மேல் தீயை மிகக் குறைத்து, கரண்டியால் கிளறிக்கொண்டே காத்திருந்தபோது 81இல் விழுந்தது. 95 டிகிரியில் வால்வின் ஏற்றத்தை வெர்னியரால் அளந்தேன்: 8 மி.மீ. ஒரே பொருள், மூன்று அளவுகள்.

இனி முகங்கள். ஹெட்டின் பக்கம், கசிவைத் தடுக்க நடுவே வைக்கும் பழைய காகிதப் பேக்கிங் கல்லாக இறுகிக் கிடந்தது. பேக்கிங் நீக்கியைத் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்தேன். அலுமினியத்தின் மேல் இரும்பு உளியையும் சுழலும் உப்புத்தாள் சக்கரத்தையும் கொண்டுபோகவில்லை. எஃகு அளவுகோலை விளிம்பில் நிறுத்தி, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜைச் செருகிப் பார்த்ததில் ஹெட்டின் முகத்தில் 0.05 மி.மீ. தகடு நுழையவில்லை. பழைய ஹவுசிங்கில் 0.15 தாராளமாக நுழைந்தது. கண்ணாடிப் பலகையின் மேல் 320 எண் எமரித் தாளை ஒட்டி, ஹவுசிங்கை எட்டு என்ற எண்ணின் வடிவில் நாற்பது நிமிடம் தேய்த்து அந்த வளைவைப் போக்கினேன். போல்ட் நுழையும் காதுக்கு அருகே இருந்த அரிமானக் குழி மட்டும் போகவில்லை. ஊசி முனையை விட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 1 மி.மீ. ஆழம். அதைச் சிலிகான் பசை நிரப்பிவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

முதல் பூட்டு. ஹெட்டின் முகம் செங்குத்தாக நிற்பதால் தெர்மோஸ்டாட் தன் பள்ளத்தில் தானாக நிற்காது, கையை எடுத்தால் முன்னால் சாயும். ஒரு கையால் அதைப் பிடித்து, மறு கையால் பேக்கிங்கும் பசையுமாக வழுக்கிக்கொண்டிருந்த ஹவுசிங்கை வைத்து, போல்ட்டுகளை மாட்டினேன். என்னிடம் இருந்த, இறுக்கும் திருப்புவிசையை அளக்கும் அரை அங்குல டார்க் ரெஞ்ச் 28 நியூட்டன் மீட்டரில்தான் தொடங்கும். கையேடு கேட்பதோ 10. ஆகவே கைக்கணக்கில் இறுக்கினேன். கடைசிக் கால் சுற்றில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது, ஹவுசிங்கின் காதில் முடிபோல ஒரு விரிசல் ஓடியிருந்தது. கழற்றிப் பார்த்தால், தெர்மோஸ்டாட்டின் விளிம்பு கீழ்ப்பக்கம் பள்ளத்திலிருந்து வெளியே வந்து முகத்தின் மேல் ஏறி நின்றிருக்கிறது. 2 மி.மீ. தடிமனுள்ள விளிம்பு ஒரு பக்கம் ஹவுசிங்கைத் தூக்கிப் பிடித்திருக்க, நான் மறுபக்கத்தை இறுக்கி அலுமினியத்தை வளைத்திருக்கிறேன். அலுமினிய வார்ப்பு வளையாது, உடையும். நாற்பது நிமிடத் தேய்ப்பும் அதோடு போயிற்று.

புது ஹவுசிங் வந்தது. அதன் அமைப்பு சற்று வேறு. பழையதில் தட்டையான முகமும் காகிதப் பேக்கிங்கும் இருந்தன. புதியதில் முகத்தைச் சுற்றி ஒரு பள்ளமும் அதில் அமரும் ரப்பர் ஓ-ரிங்கும் இருந்தன. ஓ-ரிங்கோடு காகிதப் பேக்கிங்கையும் சேர்த்துப் போட்டால் இரட்டைக் காவல் ஆகும் என்று எண்ணினேன். இந்தப் பதிவிலேயே நான் மிகவும் வெட்கப்படும் வரி இதுதான். இரண்டாம் பூட்டு முடிந்து எஞ்சினை ஓட்டியபோது முதல் கால் மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை; சூடேறி அழுத்தம் கூடியதும் இனிப்பான ஆவி மணம் எழுந்தது, ஹவுசிங்கின் அடியிலிருந்து நிதானமாகச் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. கழற்றியபின் அளந்து பார்த்தேன். ஓ-ரிங்கின் தடிமன் 3.5 மி.மீ., பள்ளத்தின் ஆழம் 2.7. ஆக முகத்துக்கு வெளியே 0.8 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்து, உலோகத்தோடு உலோகம் சேரும்போது அந்த 0.8 நசுங்குவதால்தான் தண்ணீர் நிற்கிறது. நடுவில் நான் வைத்த பேக்கிங்கின் தடிமன் 0.6. நசுங்க மிஞ்சியது வெறும் 0.2 மி.மீ. இறுக்கக் குறைவு என்று நினைத்து மேலும் இறுக்கியிருந்தால் புது ஹவுசிங்கும் பழையதன் வழியே போயிருக்கும்.

இரண்டாம் பூட்டின்போதே இன்னொரு கோளாறும் நடந்தது. கூலன்ட்டை வேகமாக ஊற்றி நிரப்பியதில் உள்ளே காற்று சிக்கி, முள் விரைவாக ஏறியது, ஹீட்டரோ குளிர்ந்த காற்றை ஊதியது. எஞ்சினை உடனே அணைத்தேன்.

மூன்றாம் பூட்டுக்கு முன் இரண்டு சிறு ஆயத்தங்கள் செய்தேன். 60 மி.மீ. நீள எம்6 போல்ட்டுகள் இரண்டின் தலையை அறுத்துவிட்டு, வழிகாட்டிக் குச்சிகளாக ஹெட்டின் துளைகளில் கையால் திருகி வைத்தேன். 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை அளக்கும் கால் அங்குல டார்க் ரெஞ்ச் ஒன்றை இரவல் வாங்கினேன். தெர்மோஸ்டாட்டின் ஸ்பிரிங்கும் மெழுகுக் குப்பியும் எஞ்சின் பக்கம் பார்க்கும்படியும், காற்று வெளியேறும் சிறு ஊசித் துளை உச்சியில் நிற்கும்படியும் பள்ளத்தில் வைத்து, விளிம்பில் ஒரு துளி சிலிகான் கிரீஸ் தடவி நிற்க வைத்தேன். ஓ-ரிங்கைக் கூலன்ட்டில் நனைத்தேன். சாதாரண கிரீஸ் இந்த வகை ரப்பரை ஊதச் செய்துவிடும். ஹவுசிங் குச்சிகளின் மேல் வழுக்கிக்கொண்டு நேராக வந்து அமர்ந்தது. ஒவ்வொரு குச்சியாகக் கழற்றிப் போல்ட்டை மாட்டி, விரலால் முடிந்தவரை திருகியபின் முகத்தைச் சுற்றி ஃபீலர் கேஜால் தடவினேன்; இடைவெளி சுற்றிலும் ஒன்றாகவே இருந்தது. விளிம்பு பள்ளத்தில்தான் இருக்கிறது என்று உறுதிசெய்ய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பிறகு மாற்றி மாற்றி 4, 6, 8 என்று மூன்று படிகளாக இறுக்கினேன். 10 என்பது உலர்ந்த மறைக்குரிய அளவு. மறை இறுகிப்போகாமலிருக்க வழுக்குப் பசை தடவியதால் உராய்வு குறையும், அதற்காக 8இல் நிறுத்தினேன்.

நிரப்புவதற்கு முன் கைப்பம்பை ரேடியேட்டர் வாயில் பொருத்தி 0.9 பார் அழுத்தம் கொடுத்தேன். மூடியில் பொறித்திருக்கும் அளவு அதுதான், அதைத் தாண்டக்கூடாது. கால் மணி நேரம் முள் அசையவில்லை. காற்றை வைத்தே கசிவைப் பார்த்துவிடலாம் என்பது முன்பே தோன்றியிருந்தால் இரண்டாம் பூட்டில் கூலன்ட்டை ஊற்றி வடித்த வேலை தவிர்ந்திருக்கும்.

முன் சக்கரங்களைச் சாய்தளத்தில் ஏற்றி, ரேடியேட்டர் வாய் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்படி செய்து, ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்பி, காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் சரிபாதியாகக் கலந்த கலவையை மெல்ல ஊற்றினேன். கொள்ளளவு 5.2 லிட்டர், முதலில் 4.7 தான் உள்ளே போயிற்று. மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டபோது குமிழிகள் வந்தன, கூடவே இன்னும் 200 மில்லி போயிற்று. மூடியில்லாமலேயே எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 27 டிகிரியில் தொடங்கி 83ஐத் தொட ஒன்பது நிமிடம் ஆயிற்று. அதுவரை குளிர்ந்திருந்த மேல் ஹோஸ் அந்த நேரத்தில் சட்டென்று சூடாகி, வாயில் நின்ற மட்டம் கண்ணெதிரே இறங்கியது. மீதி 300 மில்லியையும் ஊற்றி மூடினேன். 96இல் மின்விசிறி சுழன்றது, 91இல் நின்றது. சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் இப்போது 86 முதல் 89 வரை காட்டுகிறது, பிழைக்குறி திரும்பி வரவில்லை.

செலவை, தெர்மோஸ்டாட்டின் விலையை ஒன்று என்று வைத்துச் சொல்கிறேன். தேவையின்றி வாங்கிய உணரி ஒன்றரை, ஓ-ரிங்கோடு வந்த ஹவுசிங் மூன்று, மறை பதிக்கும் செட் நான்கு, கூலன்ட் இரண்டு. நேரக் கணக்கு இன்னும் மோசம்: மொத்தம் பதினேழு மணி நேரத்தில், முறிந்த போல்ட்டுக்கு மட்டும் ஆறு. அடுத்த முறை தெர்மோஸ்டாட்டையும் ஹவுசிங்கையும் போல்ட்டுகளையும் ஒன்றாக வாங்கிக்கொண்டுதான் முதல் ஸ்பேனரைத் தொடுவேன். அரிமானக் குழி விழுந்த ஹவுசிங்கைத் தேய்த்துக் காப்பாற்ற முயல மாட்டேன். வழிகாட்டிக் குச்சிகளை இப்போதே எண்ணெய் தடவி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். கழுத்தில் நான் போட்ட கீறல் பழைய ஹவுசிங்கோடு போய்விட்டது. ரிசர்வ் டேங்க்கின் மட்டம் முதல் இரண்டு ஓட்டத்தில் ஒரு சென்டிமீட்டர் இறங்கி, உள்ளே மிஞ்சிய காற்றும் வெளியேறியபின் அங்கேயே நிற்கிறது. கழற்றும்போது முனகிய மேல் போல்ட்டின் மறை மட்டும் இன்னும் பழைய அலுமினிய மறையாகவே இருக்கிறது. அடுத்த கூலன்ட் மாற்றத்தின்போது அதை ஒருமுறை தளர்த்திப் பார்க்க வேண்டும்.